சிகாகோல ஒரே ஒரு நாள், நாலு சிநேகிதிங்க, கட்டடமும் பாக்கணும் ஒண்ணா உக்காந்து சாப்பிடவும் செய்யணும், எப்படி போறது?

வயலூர் மகள்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போயிட்டிருந்தேன், முதல் தடவையா கேள்வி கேக்குறேன். நாங்க நாலு பேரு 1998ல திருச்சில சிவில் இன்ஜினியரிங் முடிச்சோம், க்ளாஸ்லயே மொத்தம் நாங்க நாலு பேருதான் பொண்ணுங்க, ஹாஸ்டல்ல ஒரே ரூம். அதுக்கப்புறம் ஒருத்தி கல்யாணத்துல மூணு பேரு, இன்னொருத்தி வீட்டு கிரகப்பிரவேசத்துல ரெண்டு பேருன்னு பாத்துக்கிட்டோமே தவிர நாலு பேரும் ஒண்ணா உக்காந்து 27 வருஷம் ஆச்சு. இப்ப செப்டம்பர்ல ஒரு வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் சிகாகோ ஒத்து வருது. நான் டாலஸ்ல இருந்து வரேன், ஒருத்தி நியூஜெர்சி, ஒருத்தி டொராண்டோ, இன்னொருத்தி சென்னைல இருந்து பொண்ண காலேஜ்ல விட வந்திருக்கா, திரும்பி போறதுக்கு முன்னாடி ஒரு நாள் ஒதுக்கிட்டா. நாலு பேர்ல இன்னும் சிவில்ல இருக்கறது அவ மட்டும்தான், சைட்ல நிக்கிறவ. நாங்க மூணு பேரும் அந்த வருஷமே சாஃப்ட்வேர் பக்கம் போயிட்டோம்.

அதனால அன்னிக்கு ஷாப்பிங் அது இதுன்னு எதுவும் வேணாம், கட்டடம்தான் பாக்கணும்னு முடிவு பண்ணியாச்சு. காலைல 9 மணிக்கு டவுன்டவுன்ல சேருவோம், சாயங்காலம் 6 மணி வரைக்கும் டைம். டொராண்டோக்காரிக்கு முட்டி வலி, நிறைய நடக்க முடியாது, படி ஏறினா கஷ்டம். சென்னைக்காரி சைவம். வில்லிஸ் டவர் மேல ஏறணுமா, போட் டூர்னு சொல்றாங்களே அது காசுக்கு பிரயோஜனமா, மத்தியானம் நம்ம ஊர் கடைங்க இருக்கற டெவான் ரோடு போய் நம்ம சாப்பாடு சாப்பிடலாமா இல்ல டவுன்டவுன்லயே ஏதாவது பாக்கலாமா? கொஞ்சம் விவரமா சொல்லுங்க ப்ளீஸ், என் கைல இருக்கற லிஸ்ட்ல 22 கட்டடம் இருக்கு.

---

நேப்பர்வில் வாசி:

வாங்க சகோதரி. 22ங்கறத முதல்ல கிழிச்சு போடுங்க, கோவிச்சுக்காதீங்க. நான் இந்த ஊர் பக்கம் 16 வருஷமா இருக்கேன், ஊர்ல இருந்து யார் வந்தாலும் நான்தான் கூட்டிட்டு போறது, அந்த அனுபவத்துல சொல்றேன். ஆறு கட்டடம் பாத்தா ஆறும் ஞாபகம் இருக்கும், இருபது பாத்தா கழுத்து வலிதான் ஞாபகம் இருக்கும்.

போட்தான் முதல்ல. சந்தேகமே வேணாம். சிகாகோ ஆர்க்கிடெக்சர் சென்டர் நடத்துற ஆத்து டூர் ஒண்ணரை மணி நேரம், மிச்சிகன் அவென்யூ பாலத்துக்கு கீழ இருந்து கிளம்பும். பேசறவங்க வாலண்டியர்ஸ், சம்பளத்துக்கு வந்து ஒப்பிக்கறவங்க இல்ல, அந்த ஊர் கட்டடத்து மேல பிரியம் வெச்சு படிச்சு வந்து பேசறவங்க, அது குரல்லயே தெரியும். முட்டி வலிக்காரங்களுக்கு இதவிட நல்லது கிடையாது, உக்காந்த இடத்துல இருந்தே ஊர் பூரா நம்மள தாண்டி போகும். வெள்ளிக்கிழமைன்னாலும் டிக்கெட் முன்கூட்டியே போட்டுடுங்க. மேல் தட்டுல உக்காருங்க, ஆனா செப்டம்பர்ல வெயில் அடிச்சாலும் ஆத்து மேல காத்து சில்லுன்னு வரும், ஒரு சால்வை எடுத்துக்கோங்க.

ஒரு முக்கியமான விஷயம், வாக்கர் டிரைவ்ங்கற ரோடு மாடி ரோடு. மேல ஒண்ணு போகும், அதே பேர்ல கீழயும் ஒண்ணு போகும். கீழ போயிட்டா ஜிபிஎஸ் பைத்தியம் புடிச்ச மாதிரி சுத்தும். கேப்ல வர்றவங்க டிரைவர்கிட்ட மேல் ரோடுல இறக்கி விடுங்கன்னு ரெண்டு தடவ சொல்லிடுங்க. போட்டுக்கு கீழ இறங்க படி இருக்கு, அதனால ஒரு அரை மணி முன்னாடியே வந்தா அவங்க மெதுவா இறங்கலாம்.

டெவான் வேணாம்ங்கறது என் அபிப்பிராயம். தோசையும் சாம்பாரும் நல்லாதான் இருக்கும், ஆனா ஊருக்கு வடக்க தள்ளி இருக்கு, போக வர ஒண்ணரை மணி நேரம் காருக்குள்ளயே போயிடும், உங்களுக்கு இருக்கறது ஒரு பகல். டவுன்டவுன்லயே டீப் டிஷ் பீட்சா போங்க. கீரை போட்டது இந்த ஊர்ல பேமஸ், சைவத்துக்கு கவலையே இல்ல. ஆர்டர் பண்ணினா வர முக்கா மணி நேரம் ஆகும், ரெண்டு இஞ்ச் உயரம், வேகணும்ல. எல்லாரும் அந்த முக்கா மணிய குறை சொல்வாங்க, உங்களுக்கு அதுதான் வேணும். 27 வருஷ கதைய எப்ப பேசுவீங்க?

---

டெவான் பக்கத்து வீடு:

நேப்பர்வில் அண்ணா சொல்றதுல எனக்கு பாதி சம்மதம் இல்ல. சென்னைல இருந்து வந்தவங்களுக்கு தோசை பெருசில்லதான், ஆனா டாலஸ், ஜெர்சில இருக்கறவங்களுக்கு? மத்தியானம் வேணாம்னா சாயங்காலம் 6 மணிக்கு மேல டெவான் வந்து ஒரு டிபன் சாப்பிட்டுட்டு போங்க. அந்த ரோடுல ஒரு பகுதிக்கு காந்தி பேரே வெச்சிருக்காங்க.

அப்புறம் யாரும் சொல்லலயேன்னு சொல்றேன், ஆர்ட் இன்ஸ்டிடியூட் வாசல்ல ரெண்டு வெண்கல சிங்கம் நிக்கும், அந்த கட்டடத்துலதான் 1893 செப்டம்பர் 11 அன்னிக்கு சர்வ சமய மாநாட்டுல விவேகானந்தர் பேசினாரு. அவர் பேசின ஹால் இப்ப இல்ல, அது அந்த மாநாட்டுக்காக தற்காலிகமா போட்டது, ஆனா கட்டடம் அதேதான். மெட்ராஸ்ல அவரோட சீடர் அளசிங்கப் பெருமாள் வீடு வீடா போய் வசூல் பண்ணின காசும் சேர்ந்துதான் அவர் அங்க வந்தாரு, திரும்பி வந்தப்போ 1897ல பாம்பன்ல இறங்கினாரு, ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி போய் வரவேத்தாரு. நம்ம ஊர்க்காரங்க அந்த வாசல்ல ரெண்டு நிமிஷமாவது நிக்கணும். உள்ள போனா நாள் முடிஞ்சிடும், வாசல் போதும்.

---

கம்பியும் கான்கிரீட்டும்:

சிவில் பேட்ச்னு பாத்ததும் லாகின் பண்ணிட்டேன். நான் ஸ்ட்ரக்சுரல் டிசைன்ல இருக்கேன், சிகாகோல நாலு வருஷம் வேலை பாத்தேன். சுற்றுலாக்காரங்களுக்கு சொல்றத உங்களுக்கு சொல்ல மாட்டேன், நீங்க பாக்க வேண்டிய வரிசை வேற.

முதல்ல மொனாட்நாக் கட்டடம், ஜாக்சனும் டியர்பார்னும் சந்திக்கற முனை. வெளிய இருந்து பாத்தா பழுப்பு செங்கல்ல சும்மா நிக்கற மாதிரி இருக்கும், டூரிஸ்ட் பாதி பேரு தாண்டி போயிடுவாங்க. வடக்கு பாதி 1891ல முடிஞ்சது, 16 மாடி, வெளிச்சுவர் பூரா லோடு பேரிங், அதாவது பாரத்த தாங்கறது சுவரேதான். அடில சுவர் கனம் 6 அடி! நம்ம ஊர்ல 9 இஞ்ச் சுவர் கட்டறோம்ல, அத எட்டு தடவ அடுக்கினா வர்ற கனம். அதுக்கு மேல செங்கல்ல போக முடியாது, போனா கீழ்த்தளத்துல ரூமே மிஞ்சாது, வெறும் சுவர்தான் இருக்கும். அந்த ஊர் மண்ணு வேற களிமண்ணு, கட்டடம் 20 இஞ்ச் கிட்ட கீழ இறங்குச்சு. அதே கட்டடத்தோட தெக்கு பாதி 1893, அது ஸ்டீல் ஃப்ரேம், பாரத்த இரும்புச் சட்டம் தாங்கும், சுவர் மெலிசு, ஜன்னல் பெருசு. ரெண்டு வருஷ இடைவெளில ஒரு காலம் முடிஞ்சு இன்னொரு காலம் ஆரம்பிச்சத ஒரே ஃபுட்பாத்ல நடந்து பாக்கலாம், நாம செமஸ்டர் பூரா படிச்சது ஒரே கட்டடத்துல.

1871 அக்டோபர்ல தீ புடிச்சு ஊர் நடுவுல எல்லாம் சாம்பல், கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேருக்கு வீடு போச்சு. அந்த காலி இடத்துலதான் ஆர்க்கிடெக்ட்ங்க எல்லாம் வந்து புதுசா கட்ட ஆரம்பிச்சாங்க. 1885ல ஜென்னிங்கற ஆர்க்கிடெக்ட் கட்டின ஹோம் இன்ஷூரன்ஸ் பில்டிங்கதான் முதல் ஸ்கைஸ்க்ரேப்பர்னு புக்ல படிச்சிருப்பீங்க, அத 1931லயே இடிச்சிட்டாங்க, அதனால தேடாதீங்க.

அங்க இருந்து அஞ்சு நிமிஷ நடை, ரூக்கரி. 1888. வாரநாள்ல லாபி உள்ள விடுவாங்க, வெள்ளிக்கிழமைங்கறதால உங்களுக்கு அதிர்ஷ்டம். வெளிய கோட்டை மாதிரி முரட்டு கல்லு, உள்ள போனா கண்ணாடி கூரை போட்ட முற்றம், வெள்ளை மார்பிள்ல தங்கக் கோடு. அந்த மார்பிள் வேலை 1905ல ஃபிராங்க் லாயிட் ரைட்ங்கற பெரிய ஆர்க்கிடெக்ட் பண்ணினது. நம்ம வீட்டு முற்றம் எதுக்கு இருக்கோ அதுக்குத்தான் அதுவும், நடு ரூமுக்கு வெளிச்சம். கரண்ட் லைட் மங்கலா எரிஞ்ச காலம்.

வில்லிஸ் டவர் மேல ஏற வேணாம், கியூவும் டிக்கெட்டும் சேர்ந்து ரெண்டு மணி நேரத்த தின்னுடும். போட்ல இருந்து பாத்தாத்தான் ஸ்ட்ரக்சரே தெரியும். ஃபஸ்லுர் ரஹ்மான் கான், டாக்காக்காரர், சிப்பூர்ல படிச்சவர், அவர்தான் அந்த பண்டில்டு ட்யூப போட்டது. 75 அடிக்கு 75 அடின்னு ஒன்பது குழாய் ஒட்டி நிக்குது, 50வது மாடில ரெண்டு நின்னுடும், 66ல ரெண்டு, 90ல மூணு, கடைசி ரெண்டுதான் உச்சிக்கு போகும். ஒரு தென்னங்குச்சிய வளைச்சா ஒடியும், விளக்குமாறா கட்டினா யாராலயும் வளைக்க முடியாது, அவ்வளவுதான் தத்துவம். அத வெச்சு 110 மாடி, 442 மீட்டர், 1998 வரைக்கும் உலகத்துலயே உயரம். நீங்க டிகிரி முடிச்ச வருஷம் மலேசியாவோட பெட்ரோனாஸ் டவர் வந்து தாண்டிச்சு.

---

ஊர்சுத்தி:

ஒரே ஒரு சேர்க்கை. மழை வந்தா கல்ச்சுரல் சென்டர் போங்க, மில்லேனியம் பார்க்குக்கு எதிர்ல, 1897ல பப்ளிக் லைப்ரரியா கட்டினது, உள்ள போக காசு கிடையாது, மேல 38 அடி அகலத்துக்கு டிஃப்பனி கண்ணாடி டோம். பெஞ்ச் இருக்கு, பாத்ரூம் இருக்கு, லிஃப்ட் இருக்கு. மழை இல்லாட்டியும் போங்க. அந்த முட்டிக்காரங்க உங்கள வாழ்த்துவாங்க.

---

வயலூர் மகள்:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. லிஸ்ட்ட 22ல இருந்து 6க்கு கொண்டு வந்துட்டேன். மொனாட்நாக், ரூக்கரி காலைல, 11 மணி போட், அப்புறம் பீட்சா, அப்புறம் கல்ச்சுரல் சென்டர், சிங்கம், டைம் இருந்தா ட்ரிப்யூன் டவர். போயிட்டு வந்து எழுதறேன்.

---

வயலூர் மகள்:

போயிட்டு வந்துட்டோம்!! ரெண்டு வாரமா எழுதணும் எழுதணும்னு இருந்தேன், எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியல.

காலைல மொனாட்நாக் முனைல சந்திச்சோம். யாரும் கட்டடத்த பாக்கவே இல்ல முதல் பத்து நிமிஷம், கட்டிப்புடிச்சிட்டு நடு ஃபுட்பாத்ல நின்னு அழுதுட்டிருந்தோம், போறவங்க எல்லாம் சுத்தி போனாங்க. அப்புறம் சென்னைக்காரி சட்டுனு கண்ண துடைச்சிட்டு அந்த சுவருகிட்ட போயி கைய வெச்சா. கீழ சுவர் லேசா வெளிய வளைஞ்சு வருது, புடவை கொசுவம் தரைகிட்ட விரியற மாதிரி, அத போட்டோல பாத்தா தெரியாது. ஜன்னல் ஓரத்துல கைய உள்ள விட்டு அளந்து பாத்தா, முழங்கை வரைக்கும் போயும் கண்ணாடி வரல. "ஏய் இங்க வாங்கடி, இத பாருங்கடி, எப்படி பாண்ட் போட்டிருக்கான் பாருங்க"ன்னு செங்கல் வரிசைய விரலால எண்ணிட்டே நடந்தா. பாண்ட்னா செங்கல் ஒண்ணோட ஒண்ணு பூட்டிக்கற மாதிரி அடுக்கற முறை. நாங்க மூணு பேரும் அவ பின்னாடி. மூலைல செங்கல்ல எல்லாம் விளிம்பு மழிச்சு வளைச்சிருக்காங்க, கூரா ஒரு முனை கிடையாது. தெக்கு பாதிக்கு வந்ததும் அவளே நின்னுட்டு, இங்க இருந்து ஃப்ரேம்டு ஸ்ட்ரக்சர்னா. கம்பியும் கான்கிரீட்டும் சார், நீங்க சொன்ன அதே வரிதான், உங்க பதில நான் அவளுக்கு காட்டவே இல்ல.

ரூக்கரி அழகு. நிஜமாவே அழகு, ஆனா நான் அத பத்தி அதிகம் எழுதல, போய் பாத்துக்கோங்க.

டொராண்டோக்காரி ரூக்கரில கொஞ்ச நேரம் உக்காந்துட்டு கேப்ல நேரா போட்டுக்கு வரேன்னா, கேப்காரர் நேப்பர்வில் அண்ணா சொன்ன மாதிரியே கீழ் ரோடுல இறக்கிட்டாரு. "மேல நிக்கிறியா கீழ நிக்கிறியா"ன்னு நான் போன்ல கத்த, "எனக்கு ஒரே தூணா தெரியுதுடி"ன்னு அவ கத்த, கடைசில நியூஜெர்சிக்காரி இறங்கி போய் கூட்டிட்டு வந்தா. போட் கிளம்ப ஏழு நிமிஷம் இருந்துச்சு.

போட்ல பேசினவங்க ஒரு வயசான அம்மா, எழுபது இருக்கும், ரிட்டயர்டு டீச்சராம். மெரினா சிட்டி வந்ததும் எல்லாரும் போன தூக்கினாங்க, ரெண்டு மக்காச்சோளக் கதிர நிக்க வெச்ச மாதிரி இருக்கு, கீழ 19 மாடி கார் பார்க்கிங், கார் எல்லாம் விளிம்புலயே வரிசையா நிக்குது. இந்த ஆறே ஊருக்குள்ள இருந்து ஏரிக்கு ஓடினத 1900ல கால்வாய் வெட்டி திருப்பி விட்டாங்களாம், சாக்கடை குடிதண்ணி ஏரில கலக்காம இருக்க. வில்லிஸ் டவர் கிட்ட வந்தப்போ நாங்க நாலு பேரும் சத்தமா எண்ணினோம், அம்பது ரெண்டு, அறுபத்தாறு ரெண்டு, தொண்ணூறு மூணுன்னு. எங்க சார் மூணாவது வருஷம் போர்டுல சாக்பீஸால ஒன்பது கட்டம் போட்டு அதுல ஒவ்வொண்ணா அழிச்சிட்டு வருவாரு, இது எங்க நிக்குது, இது எங்க நிக்குதுன்னு கேட்டுட்டே. அந்த வகுப்புக்கு அப்புறம் எனக்கு அந்த கட்டடம் அழிச்ச சாக்பீஸ் கோடாத்தான் ஞாபகம், இப்ப கறுப்பா, வானத்த மறைச்சிட்டு, எதிர்ல.

அப்புறம் திரும்பி ஏரி பக்கம் வரும்போது அந்த அம்மா செயின்ட் ரீஜிஸ்ஸ காட்டினாங்க. 2020ல முடிஞ்சது, 101 மாடி, 365 மீட்டர், வடிவமைச்சது ஜீன் கேங்னு ஒரு பொண்ணு, உலகத்துல ஒரு பெண் டிசைன் பண்ணின கட்டடங்கள்ல இதுதான் உயரம்னு சொன்னாங்க. 83வது மாடிய காலியா விட்டிருக்காங்க, ஜன்னல் கண்ணாடி எதுவும் இல்லாம, காத்து மோதாம உள்ள புகுந்து போக. கீழ இருந்து பாத்தா அந்த ஒரு மாடில மட்டும் கோடு போட்ட மாதிரி ஆகாசம் தெரியுது.

இத சொல்லியே ஆகணும். 1998ல நாங்க நாலு பேரும் ஒரே கட்டுமான கம்பெனிக்கு இன்டர்வியூ போனோம், கம்பெனி பேரு வேணாம். சர்டிபிகேட்ட பிரிச்சு கூட பாக்கல, சைட்டுக்கு பொண்ணுங்கள அனுப்ப முடியாதும்மா, டிராயிங் ஆபீஸ்ல இடம் காலியானா சொல்றோம்னு அனுப்பிட்டாங்க. பஸ்ல திரும்பி வரும்போது நாங்க மூணு பேரும் கோபோல்ங்கற (COBOL) கம்ப்யூட்டர் மொழி படிக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம், அப்போ ஒய்டூகே வேலை, அதான் 2000 பொறந்தா கம்ப்யூட்டர்ல தேதி குழம்பாம சரி பண்ற வேலை, கொட்டி கிடந்துச்சு. அவ மட்டும் படிக்கல. ஒரு சின்ன கான்ட்ராக்டர்கிட்ட மாசம் 1,800 ரூபாய்க்கு சேர்ந்து சென்ட்ரிங் பலகை எண்ணறதுல ஆரம்பிச்சா. இப்ப அவ சைன் பண்ணாம அவ சைட்ல காங்கிரீட் ஊத்த மாட்டாங்க. அந்த 83வது மாடிய பாத்துட்டே இருந்தா, ரொம்ப நேரம் பேசல. டொராண்டோக்காரி அவ கைய புடிச்சுக்கிட்டா. அந்த டீச்சர் அம்மா இறங்கும்போது ஏன் அழறீங்கன்னு கேட்டாங்க, நியூஜெர்சிக்காரி, "இவ எங்க நாலு பேருக்குமா சேர்த்து இன்ஜினியரா இருக்கா"ன்னு இங்கிலீஷ்ல சொன்னா. அந்த அம்மா அவளோட கைய குலுக்கிட்டு விடவே இல்ல.

சாப்பாடு! முக்கா மணிக்கு பதிலா ஒரு மணி நேரம் ஆச்சு, நாங்க கவனிக்கவே இல்ல. மெஸ் சாம்பார், வார்டன் டார்ச் லைட், சர்வே கேம்ப்ல கோணம் அளக்கற தியோடலைட்ட கீழ போட்டது யாருங்கறது, எல்லாம் வந்துச்சு. 27 வருஷமா நான்தான் போட்டேன்னு நினைச்சிட்டிருந்தேன், டொராண்டோக்காரி அன்னிக்குத்தான் ஒத்துக்கிட்டா. பீட்சா வந்ததும் சென்னைக்காரி கத்தியால குறுக்க வெட்டி ஸெக்ஷன் பாத்தா, அடில மாவு, மேல சீஸ், நடுவுல கீரை, உச்சில தக்காளி, கூரை மேல ஓட்ட கவுத்த மாதிரி தலைகீழா அடுக்கியிருக்கு. நல்லா இருந்துச்சு, ஆனா ரெண்டு துண்டுக்கு மேல யாராலயும் முடியல. நாலு பேருக்கு சின்னதே போதும், பெருசு சொல்லாதீங்க.

கல்ச்சுரல் சென்டர்ல பெஞ்ச்ல உக்காந்து டோம பாத்தோம், ஊர்சுத்திக்கு எங்க முட்டிக்காரி சார்பா நன்றி. சிங்கம் பக்கத்துல படில உக்காந்து சென்னைக்காரி ஊர்ல இருந்து கொண்டு வந்த மணப்பாறை முறுக்கு சாப்பிட்டோம். டெவான் போக முடியல, அன்னிக்கு ராத்திரியே எனக்கு ஃப்ளைட்.

---

கம்பியும் கான்கிரீட்டும்:

படிச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். உங்க சிநேகிதிக்கு என் வணக்கத்த சொல்லுங்க. அடுத்த தடவ வந்தா அக்வா டவரையும் கிட்ட போய் பாக்க சொல்லுங்க, அதுவும் ஜீன் கேங்தான், 82 மாடி, ஒவ்வொரு மாடி ஸ்லாபும் வேற வேற வளைவு, சென்ட்ரிங் எண்ணினவங்களுக்கு அந்த வேலையோட கஷ்டம் புரியும். ட்ரிப்யூன் டவர் போனீங்களா?

---

வயலூர் மகள்:

போனோம் சார், கடைசியா, ஓட்டமா. கீழ சுவர்ல உலகத்துல இருந்து கொண்டு வந்த கல்ல எல்லாம் பதிச்சிருக்காங்க, தாஜ்மஹால் கல்ல தேடி கண்டுபிடிச்சோம். அக்வாவ போட்ல இருந்து தூரத்துல பாத்ததோட சரி, உங்க பதில அவளுக்கு அனுப்பிட்டேன். அவ இப்ப அந்த மொனாட்நாக் சுவர் போட்டோவ சைட் ஆபீஸ்ல ஒட்டியிருக்காளாம், புதுசா சேர்ந்த ரெண்டு பொண்ணுங்ககிட்ட 6 அடி கனம்னு சொன்னா நம்பவே இல்லையாம்.